பையர் ‘நோட்டெட்’ என்று எழுதினால் அது சம்மதமா? ஏற்றுமதி விலை பேசும் ஆங்கிலம் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை நிறுவனம் நடத்தி வருகிறோம். பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தும், பையிங் ஏஜென்ட் மூலம் வரும் ஆர்டர்களை முடித்துக் கொடுத்தும் வந்த எங்களுக்கு, ஜெர்மனியைச் சேர்ந்த பையர் ஒருவருடன் இடையில் யாருமின்றி விலை பேசும் வாய்ப்பு இப்போதுதான் அமைந்திருக்கிறது. துணி, சாயம், தையல் பற்றி எதைக் கேட்டாலும் எங்களால் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் விலை, கெடு, பணம் செலுத்தும் முறை என்று பேச்சு திரும்பியவுடன், எந்த ஆங்கிலச் சொல் எங்களை எதற்குக் கட்டுப்படுத்தும் என்பது விளங்கவில்லை.

சரக்கு 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சித் துணியில் ரவுண்ட் நெக் டி-சர்ட். நான்கு நிறங்கள், மொத்தம் 12,000 பீஸ். நாங்கள் ஒரு பீஸுக்கு எஃப்ஓபி (கப்பலில் ஏற்றித் தரும்வரை ஆகும் செலவு உட்பட்ட விலை) 3.40 டாலர் என்று கொட்டேஷன் கொடுத்தோம். தங்கள் டார்கெட் பிரைஸ் 3.10 என்று அவர்கள் எழுதினார்கள். 3.25 வரை வர இயலும் என்று நாங்கள் எழுதியதற்கு, ‘நோட்டெட் வித் தேங்க்ஸ், வீ வில் டிஸ்கஸ் இன்டர்னலி’ என்று பதில் வந்திருக்கிறது. இதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நூலுக்கு முன்பணம் கொடுக்கலாமா? அடுத்த மின்னஞ்சலில் ‘திஸ் இஸ் அவர் லாஸ்ட் பிரைஸ், பிளீஸ் அட்ஜஸ்ட்’ என்று எழுத எண்ணியிருக்கிறோம், அது முறையா? உறவு முறியாமல் ‘முடியாது’ என்று சொல்வதற்கு எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தையல்வரி

வணக்கம். ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சன்டைசராக (பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக) நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அவசரமான கேள்விக்கு வருகிறேன்: நூலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ‘நோட்டெட்’ என்றால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டார்கள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘அண்டர்ஸ்டுட்’ என்பதும் அப்படியே. ‘அக்ரீட் இன் பிரின்சிபிள்’ என்று வந்தால் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், விவரங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன என்று கொள்ள வேண்டும். ‘வீ அக்செப்ட்’, ‘வீ கன்ஃபர்ம்’ ஆகிய இரண்டும்தான் கையெழுத்துக்குச் சமமான சொற்கள்; அவற்றுக்குப் பிறகும் பி.ஓ. (பையர் தரும் கொள்முதல் ஆணை) எண் கைக்கு வரும்வரை நான் பணியாற்றிய இடங்களில் நூல் புக் செய்ததில்லை.

‘லாஸ்ட் பிரைஸ்’ என்ற தொடரை அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள். கடைத்தெருவில் நாம் சொல்லும் ‘கடைசி விலை’ அப்படியே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. ஐரோப்பிய பையருக்கு அது ‘சென்ற முறை கொடுத்த விலை’ என்றும் பொருள்படக்கூடும். உங்களிடம் முதன்முறையாக வாங்குபவர் அதைப் படித்துக் குழம்புவார். ‘அவர் ஃபைனல் ஆஃபர்’ அல்லது ‘தி பெஸ்ட் பிரைஸ் வீ கேன் ஆஃபர்’ என்று எழுதுங்கள். ‘ஃபைனல்’ என்று எழுதிவிட்டு மறுநாள் ஐந்து சென்ட் குறைத்தால், அதன் பிறகு நீங்கள் எழுதும் எந்த ‘ஃபைனல்’ என்ற சொல்லையும் அவர் நம்பமாட்டார் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ‘அட்ஜஸ்ட்’ என்பதும் அப்படித்தான். நாம் ‘கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்ற எண்ணத்தில் சொல்கிறோம். அவர்களோ ‘எந்த எண்ணை எவ்வளவு மாற்றச் சொல்கிறார்கள்?’ என்று கேட்பார்கள்.

எழுத்தில் வருவதைவிடப் பெரிய சிக்கல் தொலைபேசியில் வருகிறது. எதிரில் ஒருவர் பேசும்போது இடையிடையே ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்வது கொங்குப் பகுதியில் மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். அதே பழக்கத்தில் வீடியோ காலில் ‘ஓகே, ஓகே, யெஸ்’ என்று சொல்லிக்கொண்டே போனால், தொண்ணூறு நாள் கடனுக்கு ஒப்புக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவார்கள். ‘ஐ சீ’, ‘ஐ ஃபாலோ யூ’ என்று சொல்லிப் பழகுங்கள். கால் முடிந்த அன்றே, ‘டு கன்ஃபர்ம் அவர் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, எது முடிவானது, எது முடிவாகவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதி அனுப்புங்கள். முதலில் எழுதுபவரின் சொற்களே பின்னர் வரும் ஆவணங்களிலும் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். நீங்கள் 3.40-லிருந்து 3.25-க்கு இறங்கியபோது பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை ஆங்கிலத்தில் நான் மிகவும் மதிக்கும் சொல் ‘இஃப்’. ‘இஃப் யூ கன்ஃபர்ம் 12,000 பீசஸ் இன் டூ கலர்ஸ், வீ குட் கன்சிடர் 3.20’ என்று எழுதும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. நிபந்தனை முன்னால் நிற்பதால் விலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ‘குட் கன்சிடர்’ என்பதால் நீங்கள் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. நிறங்களைக் குறைத்தால் சாயப்பட்டறையில் லாட் பெரிதாகிச் செலவு இறங்குகிறது என்ற உண்மையான காரணமும் அதில் அடங்கியிருக்கிறது. பையர் நிபந்தனையை ஏற்ற பிறகு ‘குட்’ போய் ‘கேன்’ வர வேண்டும். அதற்கு முன் வரக் கூடாது.

மறுமொழி: ஆவணப்பணி

வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். தையல்வரி அவர்கள் கூறியதன் சட்டப் பின்னணியைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். ‘ஏற்கிறோம், ஆனால் விலை 3.10’ என்று ஒருவர் எழுதினால் அது ஏற்பு ஆகாது. புதிய முன்மொழிவு, அதாவது கவுன்டர் ஆஃபர். அது முந்தைய முன்மொழிவை அழித்துவிடும் என்பதற்கு இங்கிலாந்தில் 1840இல் தீர்ப்பான ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். பண்ணை ஒன்றை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ரெஞ்ச் கூறினார். ஹைட் 950 பவுண்டுக்குக் கேட்டார். மறுப்பு வந்தபின், சரி, 1,000 பவுண்டுக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மாறாக, 1880இல் தீர்ப்பான ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், இரும்பை இரண்டு மாதங்களில் பிரித்துத் தர இயலுமா என்று தந்தியில் விசாரித்தவர் முந்தைய முன்மொழிவை மறுக்கவில்லை, விவரம் மட்டுமே கேட்டார் என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே நீங்கள் நூல் மில்லிடமோ துணி விற்பவரிடமோ வாங்கும் இடத்தில் இருக்கும்போது, முதலில் சொன்ன விலை கைநழுவிப் போகாமல் இருக்க வேண்டுமானால், ‘வீ ஆஃபர்’ என்று தொடங்காமல் ‘வுட் இட் பி பாசிபிள் டு’ என்று கேள்வியாகவே கேளுங்கள். விற்கும் இடத்தில் இருக்கும்போது உங்கள் முன்மொழிவுக்கு ஒரு கெடு வையுங்கள். நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. ‘திஸ் ஆஃபர் இஸ் வேலிட் அன்டில் 30 செப்டம்பர்’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால், அடுத்த மாத நூல் விலையில் இந்த மாத டி-சர்ட்டைத் தைத்துக் கொடுக்கும் நிலை வரும்.

உங்கள் பையர் ஜெர்மானியர் என்பதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பன்னாட்டுச் சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் ஜெர்மனி உறுப்பு நாடு; இந்தியா இல்லை. ஜெர்மானியச் சட்டம் பொருந்தும் என்று பி.ஓ.வின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்து, உடன்படிக்கையைத் தனியே விலக்கி எழுதாமல் இருந்தால், அதுவும் சேர்ந்தே வந்துவிடும். அதன்படி சிறு மாற்றங்களுடன் அனுப்பிய பதிலும் சில வேளைகளில் ஏற்பாகக் கருதப்படலாம். விலை, பணம் செலுத்துதல், தரம், அளவு, ஒப்படைக்கும் இடமும் காலமும் போன்றவற்றில் செய்த மாற்றம் சிறு மாற்றமாகக் கருதப்படாது. எனவே பின்பக்கத்து ‘கவர்னிங் லா’ பத்தியைப் படிக்காமல் ‘அக்செப்டட்’ என்று எழுத வேண்டாம்.

கேட்டவர்: நொய்யல்கரை

இருவருக்கும் நன்றி. நூலை நிறுத்தி வைத்துவிட்டோம். மேலும் ஓர் ஐயம். எல்.சி. (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) மூலம் பணம் தருவதாகப் பேச்சு வந்திருக்கிறது. அவர்களுடைய வரைவில் ‘அபவுட்’, ‘ஆன் ஆர் அபவுட்’, ‘எண்ட் ஆஃப் அக்டோபர்’ போன்ற சொற்கள் வருகின்றன. பேசும்போது இவை தளர்வான சொற்களாகத்தானே தோன்றுகின்றன?

மறுமொழி: ஆவணப்பணி

பேச்சில் தளர்வானவை, எல்.சி.யில் அவற்றுக்குத் திட்டமான அளவு உண்டு. எல்.சி.களை ஆளும் யுசிபி 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, தொகை, அளவு, ஓர் அலகின் விலை ஆகியவற்றில் எதற்கு முன் ‘அபவுட்’ அல்லது ‘அப்ராக்சிமேட்லி’ என்று இருக்கிறதோ, அதற்கு மட்டும் 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் மொத்தத் தொகையை மீறாதவரை அளவில் 5 விழுக்காடு வேறுபாட்டை விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் பீஸ் எண்ணிக்கையிலோ பெட்டி எண்ணிக்கையிலோ அளவைக் குறித்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. துணியைக் கிலோவில் அனுப்புபவருக்கு அது உண்டு, டி-சர்ட்டைப் பீஸ் கணக்கில் அனுப்பும் உங்களுக்கு இல்லை. தையலிலும் செக்கிங்கிலும் கழிந்து 11,850 பீஸ் மட்டுமே தேறினால், ‘12,000 பீஸ்’ என்று வெறுமனே எழுதிய எல்.சி.யில் ஆவணம் டிஸ்க்ரெபன்சி (எல்.சி.யோடு பொருந்தாத ஆவணம்) என்று ஆகிவிடக்கூடும். ஆகையால் ‘பிளஸ் ஆர் மைனஸ் 5 பெர்சென்ட் இன் குவான்டிட்டி அண்ட் அமவுன்ட்’ என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். அளவுக்கு மட்டும் கேட்டுத் தொகைக்குக் கேட்காமல் விட்டால், கூடுதலாகப் போகும் பீஸுக்குப் பணம் வராது.

‘ஆன் ஆர் அபவுட்’ என்று ஒரு தேதியைக் குறித்தால் அதற்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள், இரு முனைகளும் உட்பட. ‘எண்ட்’ என்றால் மாதத்தின் 21ஆம் நாள் முதல் கடைசி நாள் வரை. ‘பிராம்ப்ட்’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ போன்றவற்றை வங்கி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆனால் இவை எல்.சி.க்குரிய பொருள்கள். பி.ஓ.வில் அதே ‘எண்ட் ஆஃப் அக்டோபர்’ இருந்தால் யார் எப்படிப் பொருள் கொள்வார்கள் என்பதற்கு உறுதியில்லை. இரண்டிலும் தேதியையே எழுதச் சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய_ஷிப்பர்

மேலே உள்ளவை அனைத்தும் சரி. ‘முடியாது’ என்று சொல்வதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நம்மவர்கள் மறுப்பதற்குக் கூச்சப்பட்டு ‘வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். நமக்குள் அது மென்மையான மறுப்பு. பையர் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கப்பல் தேதியைத் தம் கடைகளுக்கு அறிவித்துவிடுகிறார். பிறகு உறவு முறிவது அந்தக் கூச்சத்தால்தான். ‘வீ ஆர் நாட் ஏபிள் டு மீட் 3.10’ என்று நேராக எழுதுங்கள். அதன் கீழேயே ‘வாட் வீ கேன் டூ இஸ்’ என்று தொடங்கி ஒரு மாற்று வழி கொடுங்கள். ஜிஎஸ்எம்மை 160 ஆக்கினால் என்ன விலை, கோம்ப்டு (நன்கு சீவிய) நூலுக்குப் பதில் விலை குறைந்த கார்டட் நூல் போட்டால் என்ன விலை என்று இரண்டு கணக்கு வையுங்கள். நான் பழகிய ஜெர்மானிய பையர்கள் நேரான மறுப்பை அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மாறாக, பிரிட்டிஷ்காரர் ‘நாட் என்டயர்லி கம்ஃபர்டபிள்’ என்று எழுதினால் அது ஏறத்தாழ மறுப்பே என்று கொள்ளுங்கள். அமெரிக்கரோடு பேசும்போது ‘டேபிள்’ என்ற வினைச்சொல்லைத் தவிர்த்துவிடுவது நல்லது: இங்கிலாந்தில் அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதைக் குறிக்கும், அமெரிக்காவில் ஒத்திப்போடுவதைக் குறிக்கும்.

‘வின்-வின்’, ‘சினர்ஜி’ போன்ற சொற்களைச் சில பயிற்சி வகுப்புகளில் கற்றுத்தருகிறார்கள். விலை பேசும் கடிதத்தில் அவற்றுக்கு ஒரு வேலையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணும் தேதியும் நிபந்தனையும் தெளிவாக இருந்தால் இலக்கணப் பிழைகூடப் பெரிதாகத் தெரியாது.

கேட்டவர்: நொய்யல்கரை

அனைவரின் கருத்தையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறோம். 3.10-க்கு இயலாது என்று முதல் வரியிலேயே கூறிவிட்டோம். இரண்டு நிறங்களாகக் குறைத்து, எல்.சி. அட் சைட் (ஆவணம் காட்டியதும் கடனின்றிப் பணம்) முறையில் பணம் தருவதானால் எஃப்ஓபி 3.20-ஐப் பரிசீலிக்கலாம் என்றும், நான்கு நிறங்களே வேண்டுமானால் 3.25 என்றும், இரண்டுமே இம்மாதம் 30 வரை செல்லும் என்றும் எழுதியிருக்கிறோம். இறுதியில் ‘பிளீஸ் கன்ஃபர்ம் விச் ஆப்ஷன் யூ அக்செப்ட்’ என்று முடித்திருக்கிறோம். விடுபட்டது ஏதேனும் உண்டா?

மறுமொழி: தையல்வரி

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள். எஃப்ஓபி என்று மட்டும் விடாமல் ‘எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020’ என்று துறைமுகத்தையும், எஃப்ஓபி போன்ற சொற்களுக்குப் பொருள் சொல்லும் பன்னாட்டு விதித்தொகுப்பின் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கொச்சியிலோ சென்னையிலோ ஏற்றச் சொன்னால் லாரி வாடகை மாறும். சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது. அடுத்து, விலையின் கீழ் ‘சப்ஜெக்ட் டு அப்ரூவல் ஆஃப் பிபி சாம்பிள் பை’ என்று ஒரு தேதியோடு எழுதிவிடுங்கள் (பிபி சாம்பிள் என்பது உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி). சாம்பிள் அப்ரூவல் பையரிடம் பத்து நாள் தாமதமானால் கப்பல் தேதியும் பத்து நாள் தள்ளும் என்பதை அடுத்த வரியிலேயே கூறிவிட வேண்டும். பி.ஓ.வில் ‘டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், கெடு தவறிய சரக்கை ஏற்காமல் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கிறது. அப்போது தாமதம் யார் பக்கம் என்பதற்குச் சாம்பிள் தேதி பற்றி நீங்கள் எழுதிய வரிதான் உங்கள் கையில் இருக்கும் சான்று.