கலைச்சொல்: ‘ஏடிப்பிக்கல்’ (atypical) நெஞ்சுவலிக்குத் தமிழ் என்ன?

> ஐயா எழுதியது: ‘வழமையற்ற நெஞ்சுவலி’, ‘மாதிரிக்கு ஒவ்வாத நெஞ்சுவலி’ இரண்டில் எதைக் கையேட்டில் போடலாம்? சுங்கை சிப்பூட்டில் தாதியாக இருக்கும் அக்கா சொல்லட்டும்.

ஐயா, வணக்கம். இரண்டுமே வேண்டாம். உங்கள் தமிழில் குறையில்லை. மூலச்சொல்லையே இதய மருத்துவர்கள் விடச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2021-இல் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டி, ‘ஏடிப்பிக்கல்’ என்று எழுதாதீர்கள் என்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘அப்படியானால் இதயம் இல்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் மூன்று பிரிவு: இதயத்தால் வருவது, இதயமாக இருக்கக்கூடியது, இதயம் சாராதது.

‘வழமையற்ற’ என்றால் யாருடைய வழமை? நடுவயது ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும், வலி இடது கைக்கு இறங்குவதும்தான் நம் எல்லார் மனதிலும் இருக்கிற படம். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிற, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள அறுபது வயது அம்மாவுக்கு அப்படியே வர வேண்டும் என்பதில்லை. நெஞ்சில் அழுத்தத்தோடு மூச்சு முட்டும், வாந்தி வரும், தாடையோ முதுகோ கடுக்கும், காரணமில்லாமல் அசதியாகி வியர்த்துக் கொட்டும். வீட்டில் ‘வாயு’ என்று தைலம் தேய்த்து ஓமத்தண்ணி கொடுப்பார்கள். மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதனால் இந்தச் சொல்லில் தவறினால் அடி நம் தோட்டத்து ஆட்களுக்குத்தான் முதலில் விழும்.

என் பரிந்துரை: ‘இதய நெஞ்சுவலி’, ‘இதயச் சந்தேக நெஞ்சுவலி’, ‘இதயம் சாரா நெஞ்சுவலி’.

> தம்பி ஒருவர் எழுதியது: அக்கா, சந்தேகம் வடசொல். ‘இதய ஐய நெஞ்சுவலி’ என்றால் தூய தமிழாகிவிடும். மூன்றாவதற்கு ‘அச்சமிலா நெஞ்சுவலி’ என்றே போடலாமே, மக்களுக்கு நிம்மதி.

தம்பி, ‘இதய ஐய’ என்று கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சொல்லிப் பாருங்கள், ‘இதய’ மட்டும்தான் காதில் விழும். சந்தேகம் என்ற சொல் லயத்துப் பாட்டிக்கும் தெரியும். நான் அதையே பிடித்து நிற்கிறேன்.

‘அச்சமிலா’ மட்டும் கூடவே கூடாது. இதயம் சாராததில் நெஞ்செரிச்சலும் உண்டு, விரலால் அமுக்கினால் வலிக்கிற விலா எலும்புக் குருத்தெலும்பு வீக்கமும் உண்டு, மனப்பதற்றமும் உண்டு. ஆனால் நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைப்பதும், ஒல்லியாக உயரமாக இருக்கிற பையனுக்குத் திடீரென்று நுரையீரல் சுருங்கி மூச்சுத் திணறுவதும் அதே பெட்டியில்தான் வரும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியின் சுவர் கிழிவதும் மாரடைப்பு அல்ல. கிழிக்கிற மாதிரி முதுகுக்குப் பாயும் அந்த வலி ஆளையே கொன்றுவிடும். அதை மாரடைப்பு என்று நினைத்து இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். ‘சாரா’ என்பது இடத்தைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை இல்லை. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

> ஐயா எழுதியது: சரி, சந்தேகம் இருக்கட்டும். சந்தேகம் தீர்வது எப்படி என்று ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள் அம்மா.

மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்ப அதுமட்டும் போதாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பார்கள். இதயத் தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடுகிற டிரோபோனினைப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அது ஏறாமல் இருக்கலாம். அதனால் சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை இரத்தம் எடுத்தால் ‘எதற்கு மறுபடியும் ஊசி’ என்று சண்டை போட வேண்டாம். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரையில் வலி குறைந்தது என்பதை வைத்து இதயம்தான் என்று முடிவு செய்ய முடியாது. உணவுக்குழாய் இறுக்கமும் அதில் தளரும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ‘நெஞ்சு வலிக்குதா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வலியே இல்லை. ‘அடைக்குது’, ‘பாரமா இருக்கு’, ‘கரிக்குது’ என்பதுதான் தோட்டத்துப் பேச்சு. வழிகாட்டியும் அழுத்தம், இறுக்கம், கனம், எரிச்சல் எல்லாவற்றையும் நெஞ்சுவலி என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே ‘நெஞ்சுவலி’ என்ற தலைச்சொல்லுக்குக் கீழே இந்த மூன்று சொற்களையும் அப்படியே அச்சிடுங்கள். அதற்குப் பக்கத்தில் அவசர எண் 999. மோட்டார் சைக்கிளில் தாங்களே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பதும் இருக்கட்டும்.

ஈசிஜிக்கு யாரும் புதுச்சொல் தேட வேண்டாம், அது எல்லாருக்கும் புரிகிறது. ‘டிரோபோனின்’ அப்படியே இருக்கலாமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.