அகதிகளை அண்டை நாடுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமா?

மயூர்விஹார்வாசி:
காளிந்தி குஞ்ச் வழியாகப் போகும்போதெல்லாம் ரோஹிங்கியாக் குடிசைகளைப் பார்க்கிறேன். தில்லியில் இருப்பவர்கள் கொஞ்சம்தான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடியவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் காக்ஸ் பஜார் என்ற ஒரே மாவட்டத்தில். எல்லை ஒட்டியிருப்பது ஒரு குற்றமா? இந்தியா, தாய்லாந்து, மலேசியா எல்லாம் வருவாய்க்கு ஏற்பப் பங்கேற்க வேண்டும்.

ஆர்கேபுரத்தான்:
1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடிப் பேர் வந்தார்களே, அப்போது யார் பங்குக்கு வந்தார்கள்? நாம்தான் சுமந்தோம். 2015இல் ஐரோப்பா, இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்த 1,60,000 பேரைப் பிற நாடுகளுக்கு அனுப்பத் தீர்மானித்தது. போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 35,000. ஹங்கேரி ஒருவரையும் ஏற்கவில்லை. பணக்கார நாடுகளால் முடியாதது, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் நம்மால் முடியுமா?

மயூர்விஹார்வாசி:
1971ஐச் சொல்லி என் பக்கத்துக்கே வந்துவிட்டீர்கள். இந்திரா காந்தி அந்த ஆண்டு மேலை நாட்டுத் தலைநகரங்களுக்குப் போய், இந்தச் சுமை எங்களுடையது மட்டுமல்ல என்றுதானே வாதாடினார்? அன்று நாம் கேட்டதை இன்று டாக்கா கேட்கிறது. ஐரோப்பாவும் 2024இல் விதியை மாற்றிவிட்டது: ஆளை ஏற்காத நாடு தலைக்கு 20,000 யூரோ தரலாம்.

முகாமில்பிறந்தவள்:
இருவரும் தலைக்கணக்கே பேசுகிறீர்கள். என் பெற்றோர் 1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் பதிந்தவர்கள். மொழி தெரியாத நாட்டுக்குப் பங்குக் கணக்கில் அனுப்பியிருந்தால் அம்மா உப்பு வாங்கவே தவித்திருப்பார். சொந்தம் எங்கே, மொழி எங்கே என்று எங்களைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். இன்னொன்று: 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நீங்கள் சொன்ன வங்கதேசமும் தாய்லாந்தும் மலேசியாவும் இடவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் நாங்கள் அந்நியர்தான். 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் எங்களுக்கு இடமில்லை. ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளன்று முகாமில் இருந்தாக வேண்டும் என்பதாலேயே என் அண்ணன் வெளியூர் வேலை ஒன்றை விட்டார்.

ஆர்கேபுரத்தான்:
சகோதரி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்தது. உங்களை ஏற்றது சரியே. என் பயம் வேறு. தில்லி ஒப்பந்தம் போடும். சுமை எல்லையோர மாநிலத்தின் தலையில் இறங்கும். மியான்மரில் 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் மிசோரமுக்கு ஓடிவந்த சின் இன மக்களைத் தடுக்கச் சொன்னது மத்திய அரசு. மிசோரம் மறுத்தது. அங்கே சோறு போட்டவை தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும்.

மயூர்விஹார்வாசி:
அப்படியானால் மிசோரமுக்கு நாடு முழுவதும் பங்கு தர வேண்டும் என்கிறீர்களா?

ஆர்கேபுரத்தான்:
ஆம், தர வேண்டும். முதலில் அங்கே தரட்டும். டாக்காவைப் பற்றி அதன் பிறகு பேசுகிறேன்.