கொழுந்து நோயைப் படமெடுக்க வைஃபை வசதியுள்ள சிறிய கேமரா போதுமா?

கோத்தகிரி சிறுதோட்டக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே பள்ளத்தாக்கில் எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் முகமே காட்டாத நாட்கள் தொடர்ந்தால் கொப்புள நோய் வந்துவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். இளங்கொழுந்தில் முதலில் எண்ணெய்த் துளி பட்டதுபோல ஒளி ஊடுருவும் ஒரு சிறு புள்ளி தோன்றும். பிறகு அந்த இடம் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, புடைப்பின்மீது வெள்ளை வெல்வெட்டுத் துணிபோலப் பூஞ்சை படரும். வெள்ளை படர்ந்த பிறகு கண்டுபிடிப்பதில் பயன் குறைவு, ஏனென்றால் அதற்குள் வித்துகள் காற்றில் கிளம்பி அடுத்த பாத்திக்குப் போயிருக்கும். எண்ணெய்ப் புள்ளி நிலையிலேயே படமெடுத்து, குன்னூரில் எனக்கு ஆலோசனை சொல்லும் பெரியவருக்கு அனுப்பிவிட்டால், மருந்து அடிக்க வேண்டிய நாளை அவர் சொல்லிவிடுவார். என் கைபேசியோ அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் செடியைத்தான் தெளிவாக எடுக்கிறது.

ஊட்டியில் ஒரு கடைக்காரர், 30 மடங்கு ஜூமும் 20 மெகாபிக்சலும் கொண்ட, சட்டைப்பையில் அடங்கும் வைஃபை கேமரா ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்கிறார். எங்கள் பள்ளத்தில் டவர் சரியாகக் கிடைக்காது என்பதால் வைஃபை அங்கே வேலை செய்யுமா என்பது என் முதல் ஐயம். இலையை நெருங்கி எடுக்க இத்தகைய கேமரா உதவுமா, பனியிலும் ஈரத்திலும் எத்தனை காலம் தாங்கும் என்பதையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குன்னூர்வாசி எழுதியது:

ஐயா, ஆறு ஆண்டுகளாக இத்தகைய ஒரு கேமராவைச் செடிகளைப் படமெடுக்கவே பயன்படுத்தி வருகிறேன். வைஃபையைப் பற்றிய தங்கள் ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். கேமராவின் வைஃபைக்கு டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கேமராவே ஒரு சிறு வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும், கைபேசி அதனோடு நேரடியாக இணையும். தோட்டத்தில் நின்றபடியே படத்தைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு, மேட்டுக்கு ஏறி டவர் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். ஒரு தொல்லையை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இந்த இணைப்பில் இணையம் இல்லை என்று கண்டதும் சில கைபேசிகள் தாமாகவே அதைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். படம் பாதியில் நிற்கும்போது நாம் கேமராவைக் குறை சொல்வோம். மாற்றும் நேரத்துக்கு மட்டும் மொபைல் டேட்டாவை நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, படம் எந்த அளவில் போய்ச் சேருகிறது என்பதைக் கவனியுங்கள். சில செயலிகள் முதல் நாள் அமைப்பில் படத்தை 2 மெகாபிக்சலாகச் சுருக்கியே அனுப்பும். முகம் பார்க்கும் படங்களுக்கு அது போதும். எண்ணெய்ப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்பும் தங்கள் ஆலோசகருக்கு அது போதவே போதாது. முழு அளவில் அனுப்பும்படி மாற்றிவைக்க வேண்டும். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரியும் விரைவில் தீரும். இந்த வகைக் கேமராக்களில் பல, ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 250 படங்களுக்கே உத்தரவாதம் தருகின்றன, குளிர்காலக் காலையில் அதுவும் குறையும். ஆகவே மாற்று பேட்டரி ஒன்றைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்ன 30 மடங்கு ஜூம் தங்கள் வேலைக்கு எந்த விதத்திலும் உதவாது. அது சோலை ஓரத்தில் எட்டத்தில் உட்காரும் பறவைக்கானது. தங்களுக்கு வேண்டியது கேமரா எவ்வளவு நெருக்கத்தில் போகஸ் செய்கிறது என்பதே. விளம்பரத்தில் 5 சென்டிமீட்டர் என்றோ 1 சென்டிமீட்டர் என்றோ போட்டிருப்பார்கள். பெரும்பாலான மாடல்களில் அது ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் மட்டுமே உண்மை. ஜூம் செய்தவுடன் அந்தத் தூரம் பல மடங்கு நீண்டுவிடும். அகலக் கோணத்தில் இலைக்கு அவ்வளவு அருகே போனால் லென்ஸின் நிழலே இலைமேல் விழுந்து, படமெடுக்க வந்த புள்ளியை மறைத்துவிடும். இந்த நிழலோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது கொழுந்தை இடக்கையால் மெல்ல வளைத்து, வெளிச்சம் இலையின் பின்னாலிருந்து வரும்படி பிடித்து எடுக்கிறேன். அப்படிப் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி மஞ்சள் கண்ணாடிச் சில்லுபோல ஒளிர்ந்து தனித்துத் தெரிகிறது. நோய் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தொடங்குவதால்தான் இந்த உபாயம் பலிக்கிறது.

லென்ஸ் வழியே வரும் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவையும் கேட்டு வாங்குங்கள். மலிவான ஜூம் கேமராக்களில் இருக்கும் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது. ஓர் அங்குல வகை என்று சொல்லப்படுவது 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. அந்தப் பெயர் பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவு முறையிலிருந்து வந்ததே தவிர, எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. ஆனாலும் பரப்பில் அது மற்றதைப்போல் நான்கு மடங்கு. பனி மூடிய காலையில், செடியடியில் இருக்கும் குறைந்த வெளிச்சத்தில், இந்த நான்கு மடங்கு படத்தில் கண்கூடாகத் தெரியும். சிறிய சென்சார் அந்த வெளிச்சத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சலை உண்டாக்கும், பிறகு அதைத் துடைக்கிறேன் என்று இலை நரம்பையும் சேர்த்து மெழுகிவிடும். மெகாபிக்சல் இரண்டிலும் 20 என்றே எழுதியிருக்கும் என்பதால் அந்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

கொடைமலைக்காரர் எழுதியது:

குன்னூர் நண்பர் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். சென்சாரின் அளவைவிட, ஈரம் புகாத உடலுக்கே நான் முதலிடம் தருவேன். எங்கள் கொடைக்கானலில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பகலிலேயே மேகம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். என்னிடம் முன்பு இருந்தது, பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் குழாய் வெளியே நீளும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை நீளும்போதும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு ஈரமும் போகிறது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் அதை வீட்டில் துடைக்க வழியில்லை. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்குப் பாதி கேமராவே வாங்கிவிடலாம் என்றிருந்தது.

அதன்பின் ஒலிம்பஸ் டிஜி-6 வாங்கினேன். 2019இல் வந்தது, 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது, லென்ஸ் வெளியே நீளாது, வைஃபையும் உண்டு. சென்சார் சிறியதுதான், 12 மெகாபிக்சல்தான். ஆனால் மைக்ரோஸ்கோப் முறையில் லென்ஸின் முனையிலிருந்து 1 சென்டிமீட்டரில் போகஸ் ஆகிறது. கேமராவின் விளக்கொளியை லென்ஸைச் சுற்றிப் பரப்பும் ஒரு வளையமும் தனியாகக் கிடைப்பதால், நண்பர் சொன்ன நிழல் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அந்தி வெளிச்சத்தில் மலைக்காட்சி எடுத்தால் ஓர் அங்குல வகையோடு இது போட்டி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலைக்கும் பூச்சிக்கும் இதைவிட வசதியானதை நான் கையாண்டதில்லை.

எதை வாங்கினாலும் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பனியில் குளிர்ந்த கேமராவை அடுப்பு எரியும் சமையலறைக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். சூடான ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். இரவில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள்.

கோத்தகிரி சிறுதோட்டக்காரர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று நோய் பிடித்த கொழுந்து நான்கைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு ஊட்டிக் கடைக்குப் போனேன். 30 மடங்கு ஜூம் கேமராவில் இலையைத் தொடும் தூரத்தில் வைத்து எடுத்தபோது நிழல் விழுந்தது, விலக்கி ஜூம் செய்தபோது போகஸ் ஆகவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும் என் கைபேசியிலேயேகூடப் புள்ளி ஓரளவு தெரிந்தது. அதனால் அவசரப்படாமல், தண்ணீர் புகாத வகையைக் கோயம்புத்தூரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கடையில் எடுத்த படங்களில் பச்சை, தோட்டத்தில் பார்ப்பதைவிட ஆழ்ந்து தெரிந்தது. மஞ்சள் புள்ளியும் பச்சையாகவே தோன்றியது. இது கேமராவின் குறையா?

குன்னூர்வாசி எழுதியது:

குறையில்லை ஐயா, அமைப்புதான் காரணம். கண்ணைக் கவர வேண்டும் என்று கடைகளில் விவிட் என்ற நிற முறையில் வைத்திருப்பார்கள். அதை நேச்சுரல் அல்லது ஸ்டாண்டர்டு முறைக்கு மாற்றுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் தானியங்கியில் விடாதீர்கள், படம் முழுக்க ஒரே பச்சை நிறைந்திருந்தால் அது குழம்பிவிடும். மேகமூட்ட அமைப்பில் நிலையாக வைத்துவிடலாம். பின்னணியில் வெண்பனி இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், இலையும் சேர்ந்து இருண்டுவிடும். அப்போது படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரைப் பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1 என்று கூட்டுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டும் நல்ல கொழுந்து ஒன்றும் தெரியும்படி எடுத்து அனுப்பினால், தங்கள் ஆலோசகர் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.