புதுப்பிப்பு: கோரை கிழிக்கும் கருவியும் ஜெர்மனி முதுநிலை விண்ணப்பமும்

பத்தமடைப் பாய் நெசவாளர்களுக்காக நாங்கள் செய்த கோரை கிழிக்கும் கருவி, மதிப்பெண் பட்டியலில் 'திட்டப்பணி' என்ற ஒற்றை வரியாக மட்டுமே இருப்பதால், ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை எப்படி எடுத்துக்காட்டுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி, இடம் கிடைத்துவிட்டது.

பலனளித்தது, பாடவாரியான விளக்கக் குறிப்பை இணைக்கச் சொன்ன அண்ணாச்சியின் யோசனைதான். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு) என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பதால், வரைபடம், பட்டறை வேலை, சோதனை ஆகியவற்றுக்குச் செலவான நேரத்தைத் தனித்தனியே எழுதி, துறைத்தலைவரின் கையொப்பத்துடன் அனுப்பினேன். ஒளிப்படங்களையும் சேர்த்தேன், அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் எதிர்பாராதது நேர்காணலில் நடந்தது. கருவியின் வேகத்தை விட்டுவிட்டு, கத்திகளின் இடைவெளியை ஏன் மாற்றினோம் என்றே துருவிக் கேட்டார்கள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரை உப்பிவிடும், காய்ந்த கோரைக்கு வைத்த அளவு அதற்குப் பொருந்தாது என்று பாய் நெய்யும் அக்கா ஒருவர் சொன்னதையும், அதன்பின் இடைவெளியைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கும்படி அமைத்ததையும் சோதனைக் குறிப்பேட்டைக் காட்டி விளக்கினேன். செய்முறைத் திட்டங்களில் இறங்கும் தம்பி தங்கைகள் அத்தகைய குறிப்பேட்டை அவசியம் பாதுகாக்க வேண்டும்.

இந்திய மாணவர்களின் ஜெர்மன் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் பொதுவாகக் கட்டாயம் என்பதால், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.