பழைய வேட்டியில் இயற்கைச் சாயப் பதாகை: உப்பும் வினிகரும் போதுமா?

நொய்யல்கரை:
ஆற்றில் சாயக்கழிவு விடுவதை எதிர்த்து நடக்கும் கூட்டத்துக்குத் துணிப் பதாகை தைக்கிறோம். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவு. பழைய பருத்தி வேட்டிகள் 2 கிலோ இருக்கு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு வேண்டும். மஞ்சள்தூள், பீட்ரூட்டோடு உப்பும் வினிகரும் சேர்த்தால் சாயம் நிற்கும் என்று யூடியூபில் சொல்றாங்க. சரியா? இரண்டு மூன்று நாள் வெயிலில் தொங்கும். 30 அடியிலிருந்து எழுத்து தெரியணும். மிச்சத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

கடுக்காய்க்கை:
உப்பு வேண்டவே வேண்டாம். சாயப்பட்டறைகளில் ரியாக்டிவ் என்ற ரசாயனச் சாயத்தைப் பருத்தியில் ஏற்றத்தான் உப்பு தேவை. நிறம் ஆழமாக வேண்டுமென்றால் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை போகும். அது துணியில் ஒட்டுவதில்லை, முழுக்கக் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தைக்கூட சுத்திகரித்து எடுத்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), ஆவியாக்கி என்று பெரிய செலவு. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாமல் போனதில் பெரும்பங்கு இந்த உப்புக்குத்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிரச்சினைக்குப் பதாகை தைத்துவிட்டு, அதிலேயே உப்பைக் கொட்டுவானேன்?

வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் சரி, பருத்திக்கு வேலை செய்யாது. மஞ்சள்தூள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பீட்ரூட் ஒரு அலசலுக்குத் தாங்காது.

2 கிலோவுக்குக் கணக்கு இது. முதலில் 40 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து அலசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துணி உடனே உறிஞ்சணும். முத்தாக நின்றால் கஞ்சியோ எண்ணெயோ இன்னும் இருக்கு, மறுபடி வேகவைக்கணும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், திட்டுத் திட்டாக வந்த பிறகு சாயத்தைக் குறை சொல்வார்கள்.

அடுத்து கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 400 கிராம். வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். பருத்தி படிகாரத்தைத் தானாகப் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புதான் பிடிக்க வைக்கும். பிறகு 300 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, துணி முங்கும் அளவு தண்ணீர் சேர்த்து, 12 மணி நேரம். காயவைத்து, சாயத்துக்கு முன் ஒரு முறை அலசணும். ஒட்டாத படிகாரம் தொட்டியில் கலந்தால் சாயம் அதோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர்த் தூள், துணி எடைக்குச் சமம். சூடு 70 டிகிரியைத் தாண்டினால் பழுப்பு ஏறும். போர்த் தண்ணீரின் கடினத்தன்மை இதற்கு நல்லதே. மஞ்சளுக்கு உலர்ந்த செண்டுமல்லி இதழ், துணி எடையில் பாதி. கோயில்களில் கழித்த மாலை கேட்டால் கிடைக்கும்.

தொம்பைத்தையல்:
எழுத்துக்குப் பொது அளவு: 10 அடிக்கு ஒரு அங்குலம். 30 அடிக்கு 3 என்பது நின்று நிதானமாகப் படிப்பவருக்கு. 5 அங்குலம் வையுங்கள், கோட்டின் அகலம் முக்கால் அங்குலம். கோயில் தேரில் தொங்கும் துணி உருளையான தொம்பையில் செய்வதுபோல் துணியை வெட்டி, பதாகை மேல் வைத்து ஒட்டுத்தையல் போடலாம். ஓரத்தில் கால் அங்குலம் மடிப்புக்கு விடணும். உள்வளைவில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுக்காவிட்டால் மடிப்பு இழுத்துக்கொண்டு சுருங்கும். ண, ஞ, ணை போன்றவற்றில் சுழிக்குள் இருக்கும் இடைவெளி அடைபட்டுப் போகும். அவற்றை மட்டும் தடித்த நூலில் நெருக்கமாக மூன்று வரி சங்கிலித் தையலாகப் போடுங்கள். ஒரே பெரிய துணி வேண்டாம். 1987இல் வாஷிங்டனில் விரித்த எய்ட்ஸ் நினைவுப் போர்வை (இறந்தவர்களுக்காகப் பலர் தைத்து இணைத்தது) துண்டுகள் 3க்கு 6 அடி. அந்த அளவில் ஒவ்வொரு வீடும் ஒன்றைத் தைக்கலாம், கடைசியில் இணைக்கலாம்.

நொய்யல்கரை:
நன்றிங்க. கறுப்பு?

கடுக்காய்க்கை:
கடுக்காய் ஏறிய துணியை அன்னபேதி (இரும்பு உப்பு) கரைசலில் முக்குங்கள். துணி எடையில் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 20 கிராம், பத்து நிமிடம், உடனே நன்றாக அலசல். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் மறுபடி கடுக்காய், மறுபடி இரும்பு. ஒரேயடியாக அன்னபேதியைக் கூட்டக் கூடாது. இரும்பு மிஞ்சினால் பருத்தி இற்றுப்போகும், பழைய வேட்டி இன்னும் சீக்கிரம். இதற்குத் தனி வாளி, தனிக் கையுறை. மஞ்சள் தொட்டியில் ஒரு துளி பட்டாலும் பாசி நிறமாகிவிடும்.

கழிவுக்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. இயற்கைச் சாயம் என்பதால் கழிவும் சாதுவானது என்று நினைக்காதீர்கள். கடுக்காய் ஊறிய துவர்ப்புத் தண்ணீர் குளத்தில் கலந்தால் அது மக்கும்போது மீனுக்கான ஆக்சிஜனைத் தின்றுவிடும். படிகாரத் தொட்டியைக் கொட்டாமல் பாதி அளவு படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கு வையுங்கள். தீர்ந்ததும் சுண்ணாம்பு கொஞ்சம் போட்டுப் புளிப்பை முறித்து, படிந்த சேற்றை வடித்து, தெளிவை நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் தள்ளியிருக்கும் தரிசில் பரவலாக ஊற்றலாம். இரும்புத் தண்ணீருக்கும் இதே வழி. மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்டால் நிறம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் செம்பு மீனுக்கு விஷம். சாயம் எடுத்த பூ, வேர்ச் சக்கையெல்லாம் எருக்குழிக்கு.