பிவிஏ பசை விட்டதும் பீங்கான் பவுடர் ஜெல் ஆகுது, 900 டிகிரியில அடர்த்தி வரல

பெருந்துறை மாணவர்:
வணக்கமுங்க. லித்தியம் சிங்க் டைட்டனேட்ங்கற மைக்ரோவேவ் பீங்கானை வெள்ளி எலக்ட்ரோடோட சேர்த்துச் சுடணும். தனியா அது 1075 டிகிரி கேக்குது, வெள்ளியோ 961லயே உருகிடும். அதனால 900க்கு இறக்க எடையில 3 சதம் போரான் ஆக்சைடு சேர்த்தேன். பவுடரைப் பிணைக்க 5 சதம் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசல் விட்டதும் ரப்பர் கட்டியாகுது. அழுத்தின வில்லை வரிவரியா பிளக்குது. சுட்டா, ஓட்டையே இல்லாத முழு அடர்த்தியில 86 சதந்தான் வருது. போரான் ஆக்சைடைக் கூட்டட்டுங்களா?

பீளமேடு பவுடர்:
கூட்டாதீங்க தம்பி, இன்னும் கெடும். போரான் ஆக்சைடு தண்ணி பட்டதும் போரிக் அமிலம் ஆகிடும். அது பிவிஏ சங்கிலிகளைக் குறுக்கால கோத்து ஜெல் ஆக்குது. அந்தக் கட்டிகள் எரிஞ்சு போன இடமெல்லாம் ஓட்டைங்க.

போரானை முதல்லயே பேரியம் காப்பர் போரேட்டாக் கட்டிப் போடுங்க. பேரியம் ஹைட்ராக்சைடு, காப்பர் ஆக்சைடு, போரிக் அமிலம் மூணும் மோல் கணக்குல 1:1:2. எத்தனால்ல அரைச்சு, உலர்த்தி, 800 டிகிரியில கால்சைன் பண்ணுங்க, அதாவது உருகாம சுட்டு வினை புரிய வைங்க. 850ஐ ஒட்டிப் போனா உருகி மூசையோட ஒட்டிக்கும். டைட்டனேட்டுல அந்த போரேட்டை 1, 1.5, 2 சதம்னு சேர்த்து மூணு தொகுதி போட்டுப் பாருங்க. தேவைக்கு மேல போனா சுடும்போது உருகற திரவம் அதிகமாகி க்யூ (சிக்னல் இழப்பு எவ்வளவு குறைவுங்கற அளவு) விழும்.

சேலம் ஃபர்னஸ்:
பைண்டரை, அதாவது பிவிஏவை, அவசரப்பட்டு எரிக்காதீங்க. நிமிஷத்துக்கு 1 டிகிரி, 550ல ரெண்டு மணி நேரம். அப்புறம் 900 வரைக்கும் நிமிஷத்துக்கு 5 டிகிரி போதும். அதே பவுடரைத் தூவி, மூசையை மூடிச் சுடுங்க, லித்தியம் பறக்கறது குறையும்.

உலையோட தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கற கம்பியை) நம்பறதுக்கு முன்னாடி வில்லை வெக்கற இடத்துலயே சுத்த வெள்ளிக் கம்பித் துண்டு ஒண்ணு வெச்சு, அது எத்தனை காட்டும்போது வெள்ளி உருகுதுன்னு பாருங்க. காத்துல இருக்கற ஆக்சிஜன் வெள்ளிக்குள்ள கரையறதால 961 இல்ல, 950ஐ ஒட்டியே உருகிடும். இங்க செவ்வாய்ப்பேட்டையில கிடைக்கற கொலுசுக் கம்பி மட்டும் வேண்டாம். செம்பு கலந்திருந்தா 780லயே இளக ஆரம்பிச்சிரும்.

பெருந்துறை மாணவர்:
ரொம்ப நன்றிங்க. வெள்ளியோட வினை புரியுதான்னு எப்படிங்க பாக்கறது?

பீளமேடு பவுடர்:
20 சதம் வெள்ளித் தூள் கலந்து அதே 900ல சுட்டு எக்ஸ்ஆர்டி (எந்தப் படிகம் இருக்குன்னு காட்டற எக்ஸ்ரே சோதனை) எடுங்க. வெள்ளியோட 38.1, 44.3 டிகிரி கோண கோடுகளும் டைட்டனேட் கோடுகளும் மட்டும் வந்தா சரி, புதுக் கோடு வந்தா வினை நடந்திருக்கு. ஆனா எலக்ட்ரோடுல இருந்து வெள்ளி பரவுதான்னு எக்ஸ்ஆர்டி காட்டாது. அதுக்கு வெள்ளி பூசிச் சுட்ட வில்லையை வெட்டி, விளிம்புல எஸ்இஎம்-ஈடிஎஸ் (எந்த இடத்துல எந்தத் தனிமம்னு காட்டற எலக்ட்ரான் நுண்ணோக்கி) கோடு ஓட்டணும்.

க்யூ அளக்கறதுக்கு முன்னாடி வில்லையை 120 டிகிரியில உலர்த்துங்க. துளையில ஈரம் நின்னா மெட்டீரியலே மோசம்னு நினைச்சிருவீங்க.