அகமதாபாத் ஐ.ஐ.எம். விடுதிகள்: இடிக்கத்தான் வேண்டுமா?

செங்கல்நேசன்:
அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த மேலாண்மைக் கல்லூரி வளாகம் அது. அங்குள்ள 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் சொன்னது. பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஜனவரி 1 அன்று பின்வாங்கியது. 2022 நவம்பரில் மறுபடியும் அதே பேச்சு: பழுதுபார்த்துப் பயனில்லை, புதிதாகக் கட்டப் போகிறோம் என்று. எனக்கு மனசு ஆறவில்லை. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவன் நான். பூச்சே கிடையாது; செங்கல்லும் சாந்தும் அப்படியே தெரியும். ஆளை விடப் பெரிய வட்டத் திறப்பு, அதற்குப் பின்னால் குளிர்ந்த நிழல். வெளியே கொளுத்துகிற வெயிலில் அங்கே போய் நின்றால்தான் அதன் அருமை தெரியும்.

சைட்_இன்ஜினியர்:
அழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால் செங்கல் கட்டுக்குள் வைத்த கம்பி துருப்பிடித்தால் உப்பிப் போய் செங்கல்லைப் பிளக்கும். நிர்வாகம் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. செங்கல்லும் இரண்டாம் தரம் என்றார்கள். போதாததற்கு, 2001 பூகம்பத்தில் அடி வாங்கிய கட்டடங்கள் அவை. நான் வேலை பார்த்த ஒரு பழைய விடுதியில் மேல்தளக் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அந்தப் பையன் பல் தேய்க்கப் போயிருந்தான். தலையணையில் கிடந்த அந்தத் துண்டை நான்தான் இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன்.

செங்கல்நேசன்:
அதே வளாகத்து விக்ரம் சாராபாய் நூலகத்தைச் சீரமைத்தார்களே! 2019-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது.

சைட்_இன்ஜினியர்:
நூலகத்தில் ராத்திரி யாரும் தூங்குவதில்லை, ஐயா.

செங்கல்நேசன்:
சரி, 15-ஆம் விடுதி? அது தூங்குகிற இடம்தானே, அதையும்தான் சீரமைத்தார்கள். ஒன்றில் முடிந்தது மற்றதில் ஏன் முடியாது?

சைட்_இன்ஜினியர்:
முடியும். ஒவ்வொன்றாகக் காலி செய்து, துருப்பிடித்த கம்பியை வெட்டி எடுத்து, செங்கல் மாற்றி... அதுவரை மற்ற விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

திண்ணை_மீனா:
இரண்டு பேரும் சுவரையே பேசுகிறீர்கள். கான் அங்கே நீள வராந்தாவில் வரிசையாக அறை வைக்கவில்லை. மாடிப்படியையும் தேநீர் அறையையும் சுற்றி அறைகளைக் கூட்டமாக வைத்தார். நம் வீட்டு முற்றம் மாதிரி, யார் வெளியே வந்தாலும் நாலு முகம் பார்க்க வேண்டும். படிப்பு வகுப்போடு முடியாது என்று நினைத்துக் கட்டியது. இடித்தே ஆக வேண்டுமென்றால் இடிக்கட்டும் அண்ணா, உயிர்தான் முதலில். புது வரைபடத்தில் அந்தத் தேநீர் அறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.